ஆர் மொழிக்கு சி கம்பைலர்: ஒரு லட்சம் வரை ஓடுகிறது, பத்து லட்சத்தில் திரும்பவே இல்லை

வாசகர் கேள்வி, 2024 ஆகஸ்ட் 3, இரவு 9.40

சார், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) மெதுவாக ஓடினால் உள்பகுதியை மட்டும் சி மொழியில் எழுதிக்கொள்ளுங்கள், வேகம் ஐம்பது மடங்காவது கூடும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதை நம்பி இறங்கினேன். பள்ளிக் கணக்கு மன்றத்துக்காக கொலாட்ஸ் கணக்கை எடுத்திருக்கிறேன். எண் இரட்டை என்றால் பாதியாக்க வேண்டும், ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும், 1 வரும்வரை. ஒவ்வொரு எண்ணும் எத்தனை படியில் 1க்கு வருகிறது என்று வரைபடம் போட வேண்டும். ஆர் மொழியிலேயே எழுதியது பத்து லட்சம் எண்ணுக்கு அரை நிமிடம் எடுக்கிறது. ஒரு கோடி வரை போக ஆசை. சி நிரலைக் கணினிக் கட்டளையாக மாற்றும் கம்பைலர் அடங்கிய ஆர்டூல்ஸ் தொகுப்பை நிறுவி மூன்று நாள் ஆகிறது. எதைக் கொடுத்தாலும் 'மேக்' என்ற நிரல் கிடைக்கவில்லை என்று ஒரே வரிதான் வருகிறது. விண்டோஸ் மடிக்கணினி. என்ன செய்ய?

ஆகஸ்ட் 4, காலை

டீச்சர், இது எல்லோருக்கும் வருவதுதான். ஆர்டூல்ஸ் நிறுவினால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்று ஆர் மொழிக்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் ரென்விரான் என்ற கோப்பு (பெயர் புள்ளியில் தொடங்கும்) ஒன்றை உருவாக்கி, பாதை மாறியின் (நிரல்களை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்ற பட்டியல்) முன்னால் ஆர்டூல்ஸ்40 வீட்டின் 'யுஎஸ்ஆர், பின்' கோப்புறையைச் சேர்க்கும் ஒரு வரியை எழுதுங்கள். ஆர் மொழியை மூடித் திறங்கள். வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 4, மாலை

முடியவில்லையாம்.

நோட்பேடில் சேமித்தபோது கோப்பின் வாலில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டேன். விண்டோஸ் அந்த வாலைக் காட்டாது, நாமும் பெயர் சரி என்றே நினைத்துக்கொண்டிருப்போம். பார்க்கச் சொன்னேன். ஆமாம், ஒட்டியிருந்தது. நீக்கினார். அப்படியும் வரவில்லை.

அடுத்த சந்தேகம் டாக்குமென்ட்ஸ் கோப்புறைமேல். மேகச் சேமிப்பு நிறுவியிருந்தால் அந்தக் கோப்புறை சத்தமில்லாமல் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கும். திரையில் ஒரு டாக்குமென்ட்ஸ், ஆர் மொழி தேடுவது இன்னொன்று. இதற்கு ஊகம் வேண்டாம், வீட்டைக் குறிக்கும் அலைக்குறியை விரித்துக் காட்டு என்று ஆர் மொழியையே கேட்கலாம். டீச்சர் கேட்டுப் பார்த்தார். சரியான இடத்தில்தான் கோப்பு இருக்கிறது.

நாளை பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5

நேற்றுக் காலை நான் எழுதிய குறிப்பைத் தூக்கத்தில் எழுதியிருக்கிறேன். பதிப்பு எண் கேட்காமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டீச்சரிடம் இருப்பது ஆர் 4.1. அவர் இறக்கியது ஆர்டூல்ஸ்44. இவை இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. 4.0, 4.1 இரண்டுக்கும் ஆர்டூல்ஸ்40தான். 4.2க்கு 42, 4.3க்கு 43, 4.4க்கு 44. முன்பு 3.3 முதல் 3.6 வரைக்கும் 35 ஒன்றே போதுமாக இருந்தது. தளத்தில் முதலில் கண்ணில் படுவது புதியதுதான், எல்லோரும் அதைத்தான் இறக்குவார்கள். நான் எழுதச் சொன்ன வரியோ ஆர்டூல்ஸ்40 எங்கே என்று கேட்கிறது. அப்படி ஒன்று அவர் கணினியில் இல்லாததால் அந்த மாறி வெறுமையாகப் போயிருக்கிறது. வரி தவறு என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், அதனால் பயனும் இருக்காது.

இது வெறும் எண் பொருத்தமும் இல்லை. 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து விண்டோஸில் ஆர் மொழி வேறொரு சி நூலகத்துக்கு மாறிவிட்டது. பழைய கருவியில் செய்ததையும் புதிய கருவியில் செய்ததையும் கலந்து இணைக்க முடியாது. 4.2இலிருந்து நான் சொன்ன ரென்விரான் வரியும் தேவையில்லை, முறைப்படி நிறுவினால் ஆர் மொழியே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆக என் அறிவுரை இரண்டாண்டுப் பழசு.

டீச்சருக்கு இரண்டு வழி சொன்னேன்: ஒன்று ஆர்டூல்ஸ்40ஐ இறக்குவது, அல்லது ஆர் மொழியையே 4.4.1க்கு ஏற்றுவது. பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடமும் 4.1தான் இருக்கிறதாம், முதல் வழியே போதும் என்றார்.

ஆகஸ்ட் 6, இரவு

ஆர்டூல்ஸ்40 வந்தது, மேக் கிடைத்தது. என் வரிக்கும் ஒருவழியாக வேலை வந்தது. இப்போது புதுப் பிழை. "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை." பாதையைப் பார்த்தால் யூசர்ஸ் கோப்புறைக்குப் பிறகு வரிசையாக ஆறு கேள்விக்குறிகள்.

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். டீச்சரின் விண்டோஸ் கணக்கை வாங்கிய கடையிலேயே தமிழில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றெழுத்துப் பெயர், ஆறு கேள்விக்குறி. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் அல்லவா? 'செ' என்பது இரண்டு, 'ல்' என்பது இரண்டு. மூன்றெழுத்து எப்படி ஆறாகப் பெருகியது என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பறை உதாரணம் கிடைக்காது.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டிருக்கிறார். விண்டோஸில் பழைய பாணி நிரல்கள் எழுத்துகளை ஒற்றைப் பைட் அட்டவணை வழியாகப் பார்க்கும். ரஷ்ய மொழிக்கு ஓர் அட்டவணை, கிரேக்கத்துக்கு ஒன்று, தாய்லாந்து மொழிக்கு ஒன்று. தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை விண்டோஸில் இருந்ததே இல்லை. தமிழ் அங்கே வந்ததே யூனிகோடாகத்தான். ஆகையால் பழைய வழியில் கேட்கும் நிரலுக்குத் தமிழ் எழுத்தைத் தர வழியில்லாமல் கேள்விக்குறியைத் தருகிறது. 4.1 வரை விண்டோஸில் ஆர் மொழியும் இந்தப் பழைய கூட்டத்தில்தான் இருந்தது. தமிழ்ச் சொற்கள் கொண்ட அட்டவணையை அச்சிட்டால் கோணக் குறிகளுக்குள் யூ, கூட்டல், 0பி என்று குறியீட்டு எண்களாகக் கொட்டியதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 4.2இல்தான், விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளில், யூனிகோடை எழுதும் முறையான யூடிஎஃப்-8 ஆர் மொழியின் சொந்த எழுத்துமுறை ஆனது.

எனவே பழைய பதிப்பில் குந்தியிருப்பதில் பயனில்லை. 4.4.1க்கு ஏறுங்கள், ஆர்டூல்ஸ்44 ஏற்கெனவே இருக்கிறது. அத்துடன் சி டிரைவின் வேரிலேயே, இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் 'கணக்கு' என்று ஒரு கோப்புறை போட்டு வேலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகக் கோப்புறைக்கான மாறியையும் அதற்குள் திருப்பிவிடுங்கள்.

ஆகஸ்ட் 7

ஓடுகிறதாம்! மூன்றையும் ஒரே மூச்சில் செய்தாராம், அதனால் எது தீர்த்தது என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று பாடம் நடத்துபவன் நான், என் வீட்டிலும் அப்படிச் செய்வதில்லை.

ஒரு லட்சம் வரைக்கும் விடை: 77031 என்ற எண் 350 படிகள். இது சரியான விடை. 27ஐக் கொடுத்தால் 111 படி, இடையில் 9232 வரை ஏறி இறங்குகிறது. அதுவும் சரி. நேரம் கண்ணில் படவில்லை என்கிறார்.

ஆகஸ்ட் 7, இரவு 11 மணி

கொண்டாடியது முன்கூட்டியே ஆகிவிட்டது. பத்து லட்சம் கொடுத்தால் திரும்பவே இல்லை. ஆர் மொழியில் அரை நிமிடத்தில் வந்த விடை, சி மொழியில் இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. எஸ்கேப் அழுத்தினாலும் நிற்கவில்லை. பணி மேலாளரைத் திறந்து ஆர் மொழியையே கொல்ல வேண்டியிருந்தது.

டீச்சரின் செய்தியில் ஒரு வரி: "கம்பைலர் சரியாக நிறுவப்படவில்லை என்று நினைக்கிறேன், முழுக்க அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா?"

பொறுங்கள், பொறுங்கள்.

ஆகஸ்ட் 8

எஸ்கேப் ஏன் வேலை செய்யவில்லை என்பதை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. சி நிரலுக்குள் போன பிறகு அது தானாகத் திரும்பும்வரை ஆர் மொழிக்குக் கையில் கடிவாளம் இல்லை. நீங்கள் அழுத்தியது அதன் காதில் விழாது. லூப்பின் உள்ளே சில ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை 'பயனர் ஏதாவது அழுத்தினாரா பார்' என்று கேட்கும் செயற்கூறு ஒன்று ஆர் மொழியின் சி தலைப்புக் கோப்புகளில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் நிறுத்தலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டால் வேகம் போய்விடும், ஒருமுறைகூடக் கேட்காவிட்டால் நேற்று இரவு நடந்ததுதான்.

திருத்திய பிறகு மறுபடி கம்பைல் செய்யும்போது "அனுமதி இல்லை" என்று வரும். கம்பைலர்மேல் பாயாதீர்கள். பழைய டிஎல்எல் கோப்பை (சி நிரல் கம்பைல் ஆகி வந்த கோப்பு) ஆர் மொழி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, விண்டோஸ் பிடியில் உள்ள கோப்பின்மேல் எழுத விடாது. முதலில் அதை இறக்கிவிட வேண்டும், பிறகு கம்பைல், பிறகு ஏற்றம். லினக்ஸில் பழகியவனுக்கு இது நினைவிலேயே இருக்காது. ஒரு கல்லூரிப் பயிலரங்கில் முப்பது பேர் முன்னால் நான் இதில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் அசடு வழிந்திருக்கிறேன்.

இனி முக்கியமானது. இந்தத் தொங்கலுக்கு என் முதல் ஊகம்: வைரஸ் தடுப்பி குறுக்கே வருகிறது. இரண்டாவது: கம்பைலரின் மேம்படுத்தல் அளவை ஓ2க்குப் பதில் ஓ3 என்று வைத்து, 'இந்தச் செயலிக்கே ஏற்றபடி' என்ற ஃபிளாக்கையும் (கம்பைலருக்குத் தரும் குறிப்பு) போட்டால் சரியாகலாம். இரண்டையும் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிரலையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

என் இரண்டு ஊகமும் குப்பை.

நிரல் வந்தது. பன்னிரண்டு வரி. அழகாக எழுதியிருக்கிறார். எண்ணை வைத்திருக்கும் மாறி 'இன்ட்' என்ற முழு எண் வகை. அவ்வளவுதான் விஷயம், பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஏனென்றால் அவருக்கு மாதிரி நிரல் கொடுத்தவன் நான்தான்.

இன்ட் என்பது 32 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 2147483647. கொலாட்ஸ் கணக்கில் சிறிய எண்ணும் எக்கச்சக்கமாக ஏறும். ஒரு லட்சத்துக்குள் எந்த எண்ணும் அந்த வரம்பைத் தொடுவதில்லை. 77671 என்ற எண் 157 கோடி வரை போய்த் திரும்பிவிடுகிறது. முதலில் தாண்டுவது 113383. அது 827370449 வரை வருகிறது. ஒற்றை எண், மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 2482111348. இன்டில் இதற்கு இடமில்லை. மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு −1812855948 என்று ஆகிவிடுகிறது.

ஆகிவிட்டதா, இனி எதிர் எண் உலகம். அங்கே இதே விதியில் −1, −5, −17 ஆகியவை உள்ள மூன்று வளையங்கள் தெரிந்திருக்கின்றன. செக்குமாடுபோலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். '1 வரும்வரை ஓடு' என்று எழுதிய லூப் 1ஐக் காணவே போவதில்லை. டீச்சரின் கணினி இருபது நிமிடமல்ல, பொங்கல் வரைக்கும் ஓடியிருக்கும்.

நாம் ஒரு லட்சம் வரை சோதித்துவிட்டு 'சரி' என்று சொன்னோம் பாருங்கள். முதல் பள்ளம் இருந்தது 113383இல். பதின்மூன்றாயிரம் எண்ணுக்கு முன்னால் நின்று பட்டாசு வெடித்திருக்கிறோம்.

ஆர் மொழியில் ஏன் இது வரவில்லை? அங்கே சாதாரணமாக 27 என்று எழுதினால் அது முழு எண் வகை அல்ல, இரட்டைத் துல்லிய மிதவை எண் (தசமப் புள்ளியும் வைக்கும் 64 பிட் வகை). 2இன் 53ஆம் அடுக்கு வரை, அதாவது 9007199254740992 வரை, ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்திருக்கும். முழு எண்ணாகவே வை என்று வற்புறுத்தியிருந்தாலும், வரம்பு தாண்டும்போது விடையை 'இல்லை' என்று வைத்து ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருக்கும். சி வாயே திறக்காது. எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லும் ஃபிளாக் போட்டாலும் திறக்காது, ஏனெனில் நிரலைப் படிக்கும்போது தவறு எதுவும் தெரியாது, ஓடும்போதுதான் நடக்கிறது. குறி உள்ள முழு எண் (எதிர் எண்ணையும் வைக்கும் வகை) வரம்பு மீறினால் என்ன ஆக வேண்டும் என்று சி மொழியின் தரநிலை வரையறுக்கவே இல்லை. சுற்றிக்கொண்டது என்பதுகூட நம் அதிர்ஷ்டம்தான், கம்பைலர் வேறு எதையும் செய்திருக்கலாம்.

தீர்வு ஒரு சொல்: இன்டை 'லாங்' ஆக்குங்கள். என் கணினியில் மாற்றிப் பார்த்தேன். பத்து லட்சத்துக்குள் 837799, 524 படி. அரை வினாடி.

ஆகஸ்ட் 9, பின்மாலை

டீச்சரிடம் இன்னும் தொங்குகிறது. அதே நிரல், எழுத்துக்கு எழுத்து அதே. என்னிடம் அரை வினாடி, அவரிடம் முடிவிலி.

"சார், நான் சொன்னேனே, கம்பைலர் நிறுவியதில்தான் ஏதோ கோளாறு."

எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 9, நள்ளிரவு

கண்டுகொண்டேன். கண்டுகொண்டேன் என்பது பெரிய வார்த்தை, மறந்துபோனது நினைவுக்கு வந்தது.

லாங் என்றால் எத்தனை பிட்? என்னிடம் இருக்கும் 64 பிட் லினக்ஸில் 64. 64 பிட் விண்டோஸில் 32தான். கணினி 64 பிட், விண்டோஸ் 64 பிட், ஆர் மொழி 64 பிட், லாங் மட்டும் 32. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று விண்டோஸ் எடுத்த முடிவு அது, நினைவக முகவரியை வைக்கும் சுட்டி மட்டும் 64 ஆனது. ஆகவே டீச்சரின் கணினியில் இன்டை எடுத்துவிட்டு லாங் போட்டது, சட்டையைக் கழற்றி அதே சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி.

'லாங் லாங்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் 64 பிட் என்று பெயரிலேயே எழுதியிருக்கும் வகையைப் பயன்படுத்துங்கள். இரண்டாவதே எனக்குப் பிடித்தது, படிப்பவருக்கு ஐயம் இருக்காது. ஆர் மொழியிலிருந்து உள்ளே வரும் எண் இன்டாகவே இருக்கட்டும், ஆர் மொழியின் முழு எண் 32 பிட்தான், அங்கே 64 வைத்தால் வேறு குழப்பம் வரும். உள்ளே வாங்கியதும் பெரிய மாறிக்கு நகலெடுத்துக்கொண்டு அதில் ஓடுங்கள்.

ஆகஸ்ட் 10, காலை

837799, 524. டீச்சர் அனுப்பிய படத்தில் பின்னால் இட்லித் தட்டு தெரிகிறது. வாழ்க.

மதியத்துக்குள் ஒரு கோடியும் போட்டுவிட்டார்: 8400511, 685 படி. ஐந்தாறு வினாடி ஆனதாம். ஆர் மொழியிலேயே ஓட்டியபோது ஆறு நிமிடம். நான் சொன்ன ஐம்பது மடங்கு ஏறத்தாழ வந்துவிட்டது, அதையாவது கணக்கில் வையுங்கள்.

ஆகஸ்ட் 11

நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

குறியில்லா இன்ட் போட்டால் போதாதா என்று ஒருவர். போதாது. வரம்பு இரட்டிப்பாகி 429 கோடிக்குப் போகும், 113383 தப்பிவிடும், ஆனால் 159487 என்ற எண் 17202377752 வரை ஏறுகிறது. அது அடங்காது. அதைவிட மோசம், குறியில்லாதது எதிர் எண்ணாக மாறாது, வேறொரு நேர் எண்ணாக மாறும். அங்கிருந்து ஏதோ ஒரு வழியில் 1க்கு வந்து சேர்ந்து, தப்பான படி எண்ணிக்கையை நல்ல பிள்ளைபோலக் கொடுத்துவிட்டுப் போகலாம். தொங்கி நிற்கும் நிரலை நான் மன்னித்துவிடுவேன்.

பைத்தானில் நம்பை என்ற எண்கணக்குத் தொகுப்பை வைத்து எழுதியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்று இன்னொருவர். அப்படியா? விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் இதே லாங்கைப் பின்பற்றி 32 பிட்டாகத்தான் இருந்தது. 2024 ஜூனில் வந்த 2.0 பதிப்பில்தான் 64 ஆனது. நிறையப் பேர் நிறுவி வைத்திருந்தது அதற்கு முந்தையது.

சி வேண்டாம், ஆர் மொழியிலேயே, ஆர் நிரலை வேகமான இடைவடிவமாக மாற்றும் பைட் கம்பைலர் இருக்கிறதே என்று மூன்றாமவர். இருக்கிறது. 2017இல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. டீச்சரின் அரை நிமிடம் என்பதே அதையும் சேர்த்துத்தான். பழைய குறிப்புகளைப் பார்த்து மறுபடி கையால் கம்பைல் செய்வதால் வேகம் எதுவும் கூடிவிடாது.

ஓ3 போட்டும் வேகம் ஏன் கூடவில்லை என்று டீச்சரே கேட்டிருக்கிறார். இந்த லூப்பில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடைக்காகக் காத்திருக்கிறது. நான்கு எண்களை ஒரே நேரத்தில் செய்யும் வித்தை இங்கே நடக்காது. 'இந்தச் செயலிக்கே ஏற்றபடி' ஃபிளாக்கை எடுத்துவிடுங்கள், அந்த டிஎல்எல்லை பென்டிரைவில் எடுத்துப்போய்ப் பள்ளியின் பழைய கணினியில் ஏற்றினால், அந்தச் செயலிக்குத் தெரியாத கட்டளை ஒன்று வந்து நிரல் அப்படியே விழுந்துவிடலாம். மிதவைக் கணக்கைத் துரிதப்படுத்தும் ஃபிளாக்கையும் யாரோ பரிந்துரைத்திருக்கிறார். இந்த நிரலில் மிதவை எண் ஒன்றுகூட இல்லை. சாம்பாருக்கு ஏலக்காய்.

ஆகஸ்ட் 11, பிற்சேர்க்கை

வேகம் பற்றிப் பேசும்போது என் சொந்த அவமானம் ஒன்று. போன ஆண்டு இதே மாதிரி ஒரு நிரலைத் தொகுப்பாக எழுதி, தொகுப்பு எழுத உதவும் டெவ்டூல்ஸில் 'எல்லாம் ஏற்று' கட்டளையால் ஏற்றி நேரம் பார்த்தேன். சி மொழி எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருந்தது. செயலியைக் குறை சொன்னேன், பதிப்பைக் குறை சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் கட்டளை பிழை தேடுபவருக்காகச் செய்தது, கம்பைலர் அமைப்புகளை எழுதும் மேக்வார்ஸ் கோப்பில் நீங்களாக எதுவும் சொல்லவில்லை என்றால் ஓ0 ஃபிளாக்கோடு, அதாவது மேம்படுத்தல் எதுவும் இல்லாமல், கம்பைல் செய்கிறது. முறையாக நிறுவிய பிறகுதான் ஓ2. நேரம் அளப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பைல் ஆகும்போது திரையில் ஓடும் நீண்ட வரியை யாரும் படிப்பதில்லை, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

113383 பற்றி எனக்கு எப்படித் தெரிந்தது என்று டீச்சரின் மாணவர் ஒருவர் கேட்கிறார். எண் எனக்கு மனப்பாடம் இல்லை தம்பி. லினக்ஸில் நிரலைத் தனியாக ஒரு முழு நிரலாக எழுதி, ஜிசிசி என்ற சி கம்பைலரில் 'குறியுள்ள முழு எண் வரம்பு மீறலைக் காட்டு' என்ற சோதனை ஃபிளாக்கோடு கம்பைல் செய்தேன். ஓட்டியதும் 827370449ஐ மூன்றால் பெருக்கியதை இன்ட் வகையில் வைக்க முடியாது என்று வரி எண்ணோடு சொல்லிவிட்டது. ஒரே நிமிடம். ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவே இதைச் செய்திருந்தால் வைரஸ் தடுப்பியைத் திட்டியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 18

மின்சாரம் இல்லாத மதியம். தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வரைபடத்துக்கு எல்லா எண்களின் படிகளும் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு எண்ணையும் ஏன் 1 வரை இழுத்துச் செல்ல வேண்டும்? இரட்டை எண்ணுக்கு வேலையே இல்லை, அதன் பாதியின் படியோடு ஒன்றைக் கூட்டினால் முடிந்தது. ஒற்றை எண் என்றால் ஓட விட்டு, அது தொடங்கிய எண்ணுக்குக் கீழே இறங்கிய கணமே நிறுத்திவிடலாம். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் விடை பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. மிகப் பெரும்பாலான எண்கள் சில படிகளிலேயே கீழே இறங்கிவிடுகின்றன. பத்து லட்சம் எண்களுக்கு மொத்தம் பதின்மூன்று கோடி படிகள் போட்டுக்கொண்டிருந்தோம், அதில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்த பாதையிலேயே திரும்பத் திரும்ப நடந்தது.

மின்சாரம் வந்ததும் எழுதிப் பார்த்தேன். வெறும் ஆர் மொழி. சி இல்லை, ஆர்டூல்ஸ் இல்லை, கேள்விக்குறி இல்லை. பத்து லட்சம் மூன்று வினாடிக்குள். ஒரு கோடி அரை நிமிடம். மிதவை எண் என்பதால் வரம்பு மீறலும் இல்லை.

அரை நிமிடம் என்பது டீச்சருக்குப் போதுமான வேகம். ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவே இதைச் சொல்லியிருக்கலாம். டீச்சர், நீங்கள் கேட்டது கம்பைலரைப் பற்றி, நானும் கம்பைலரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

டீச்சர் கோபப்படவில்லை. "பரவாயில்லை சார், இரண்டையும் சேர்த்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். பட்டியல் முறையை சி மொழியில் எழுதி, பத்துக் கோடி வரை போயிருக்கிறார்: 63728127, 949 படி. சரியான விடை. படி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டாததால் பட்டியலுக்கு 16 பிட் எண்ணே போதும் என்று அவராகவே கண்டுபிடித்து 20 கோடி பைட்டில் முடித்திருக்கிறார். இன்டில் வைத்திருந்தால் 40 கோடி. எங்கே குறுகிய வகை ஆபத்து, எங்கே அதுவே லாபம் என்பது நான் சொல்லித் தராமலே அவருக்கு வந்துவிட்டது.

வரைபடத்தையும் பார்த்தேன். புள்ளிகள் வரிவரியாகக் கிடக்கின்றன, மழைக்குப் பிறகு மணலில் தெரியும் கோடுகள்போல. மாணவர்களில் ஒருவர் இது எப்போதும் 1க்குத்தான் வருமா என்று கேட்டாராம். 1937இல் கொலாட்ஸ் கேட்டது, இன்னும் நிரூபணம் இல்லை, 2இன் 68ஆம் அடுக்கு வரை கணினியில் சரிபார்த்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்த எண் 64 பிட்டில் அடங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், லாங் லாங்கும் ஒருநாள் காலை வாரும்.

செப்டம்பர் 2

ஆகஸ்ட் 4 காலைக் குறிப்பிலுள்ள ரென்விரான் வரியை நேற்றுகூட ஒருவர் நகலெடுத்து, 4.4இல் போட்டுவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். 4.2க்குப் பிறகு அது தேவையில்லை. டீச்சரின் கணினியிலும் அது இன்னும் சும்மா கிடக்கிறது. டீச்சர், அதை அழித்துவிடுங்கள். கோப்பின் வாலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.